கைக்குச் சாக்ஸ் போட்ட புஷ்பராணி

போர்வைய நல்லா இழுத்துப் போத்திக்கோ. கால வெளிய நீட்டாதே, குளிரு கடிக்கும். நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும், சரியா? கொட்டலேன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நிறுத்திடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு புஷ்பராணி இருந்தா. ஊருன்னா மலை உச்சில இருக்கற ஊரு. காலையில கதவத் தொறந்தா மேகம் வாசப்படியில நிக்கும், உள்ள வரட்டுமான்னு கேக்கற மாதிரி. மார்கழி பொறந்துட்டா புல்லு மேலெல்லாம் உப்பத் தூவுன மாதிரி உறைபனி. மிதிச்சா நறுக் நறுக்னு சத்தம் வரும்.

புஷ்பராணிக்கு என்ன வேலைன்னா, கேரட் கழுவற வேலை. தோட்டத்துல இருந்து மண்ணும் சேறுமா மூட்ட மூட்டையா கேரட் வரும். பெரிய தொட்டி நெறைய ஓடைத் தண்ணி. அதுல கொட்டி, ரெண்டு கையாலயும் அலசணும். சளப் சளப், சளப் சளப். தண்ணின்னா சும்மா தண்ணியா? கைய விட்டா எலும்பு வரைக்கும் சில்லுனு ஏறும். கேரட்டு பளபளன்னு வெளிய வரும். அவ கை மட்டும் வருஷத்துக்கு வருஷம் சொரசொரன்னு ஆயிட்டே வந்துச்சு. விரல் நுனியெல்லாம் காஞ்ச கொளத்து மண்ணு மாதிரி வெடிச்சுக் கெடக்கும். குதிகாலும் அப்படித்தான்.

அத அவ கண்டுக்கவே மாட்டா. கைன்னா வேலை செய்யறதுக்கு, காலுன்னா நடக்கறதுக்கு. அவ்ளோதான் அவளுக்கு. புருஷன் கீழ ஊர்ல மில்லு வேலைக்குப் போயிட்டான். வீட்டுல அவளும் ஆறு வயசு மக ரோஷினியும்தான். எந்நேரமும் ஓட்டம். உக்காந்து பழக்கமே இல்ல.

அப்புறம் ஒரு நாளு, பொங்கலுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்போ, ரேஷன் கடைக்குப் போனா. பொங்கலுக்குப் பச்சரிசி, சக்கர, ஒரு முழுக் கரும்பு எல்லாம் குடுத்தாங்க. ரோஷினி காலையில இருந்தே, "அம்மா, கரும்ப நான்தான் தூக்கிட்டு வருவேன்"னு குதிச்சுட்டு இருந்தா.

கடையில மாதேஷ்னு ஒரு தம்பி. சின்ன மெஷின நீட்டி, "அக்கா, வெரல வைங்க"ன்னான்.

வெச்சா. கீய்ங்!

"ரேகை விழலக்கா. தொடச்சுட்டு வைங்க."

தொடச்சுட்டு வெச்சா. கீய்ங்! அடுத்த வெரல். கீய்ங்! இன்னொரு கை. கீய்ங்! கீய்ங்! பத்து வெரலும் வெச்சாச்சு. அந்த மெஷினு ஒத்துக்கவே மாட்டேங்குது.

"என்ன தம்பி, நான்தான் புஷ்பராணி. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்க்கா. இதுக்குத் தெரியணுமே. பொங்கலுக்குள்ள வந்து இன்னொரு தடவ வெச்சுப் பாருங்க. அப்பவும் விழலன்னா நான் மேல எழுதிப் போடறேன். ஆனா எப்ப வரும்னு சொல்ல முடியாதுக்கா."

தெரியுதா கண்ணு? ரேகைன்னா இந்தா, உன் வெரல் நுனியில சின்னச் சின்னதா கோடு சுத்திச் சுத்திப் போகுது பாரு. ஒருத்தருக்கு இருக்கற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. புஷ்பராணிக்கு அது தேஞ்சு, காஞ்சு, வெடிச்சுப் போச்சு.

"ம்."

அப்போ அவ என்ன நெனச்சா? வெரல்ல அழுக்கு ஏறிடுச்சுன்னு நெனச்சா. வீட்டுக்குப் போயி தேங்கா நார எடுத்து, துணி சோப்பத் தேச்சு, பரக் பரக்னு தேச்சா. எரிஞ்சுது. விடல. மூணாம் நாளு போயி வெரல வெச்சா. கீய்ங்! மெஷின் மேல ஒரு பொட்டு ரத்தம். மாதேஷு பதறிப் போயி பஞ்சு எடுத்துக் குடுத்தான்.

அப்புறம் கடைவீதில ரோஸ் கலர்ல ஒரு டியூப்பு வாங்குனா. மேல ஒரு பொம்பள சிரிச்சுட்டு இருப்பா. காலையில அதப் பிதுக்கி கை முழுக்கப் பூசுவா, கமகமன்னு மணக்கும். அஞ்சு நிமிஷம் ஆகறதுக்குள்ள கை தொட்டித் தண்ணிக்குள்ள. சளப் சளப். கிரீமெல்லாம் கேரட்டோட போயிடும். நாலு நாளு இப்படியே. மறுபடியும் போனா. கீய்ங்!

பின்னால வரிசையில நின்னவங்க, "சீக்கிரம்மா, நாங்களும் வேலைக்குப் போகணும்"னாங்க. ரோஷினி காலிப் பைய ரெண்டு கையிலயும் விரிச்சுப் புடிச்சபடி, "அம்மா, கரும்பு?"ன்னா.

புஷ்பராணி வெளிய வந்து கடைப் படியில உக்காந்தா. கையத் திருப்பித் திருப்பிப் பாத்தா. பேரச் சொன்னாலும் நம்பல, மொகத்த காட்டுனாலும் நம்பல, அப்போ நான் யாருன்னு நெனச்சா. நெனச்சதும் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு.

அப்போ வரிசையில இருந்து ஒருத்தி எறங்கி வந்து பக்கத்துல உக்காந்தா. அவ பேரு ஜெசிந்தா. பஸ் ஸ்டாண்டுக்கு மேல ஒரே ஒரு நாற்காலி போட்டு பியூட்டி பார்லர் வெச்சிருக்கறவ. புஷ்பராணி வயசுதான் இருக்கும்.

"கையக் குடுங்கக்கா"ன்னா.

புஷ்பராணி முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டா. "வேணாம்மா. உன் கைய கீறிடும்."

"எத்தன கை பாத்துருக்கேன். குடுங்க." வாங்கி, வெளிச்சத்துல வெச்சு, உத்து உத்துப் பாத்தா. "ரேகை எங்கயும் போகலக்கா. அடியில இருக்கு. மேல தோலு காஞ்சு மூடிக் கெடக்கு. நாரு போட்டுத் தேச்சீங்களா?"

"ஆமா."

"இனி தேக்காதீங்க. புண்ணு மேல புண்ணு பண்ணாதீங்க."

"அப்போ உன் பார்லருக்கு வரட்டுமா?"

ஜெசிந்தா தலைய ஆட்டுனா. "நான் பண்ணுனா ஒரு நாளைக்கு நிக்கும். மறுநா காலையில தொட்டியில கைய விட்டா போச்சு. இது வீட்டுல தெனம் உக்காந்து செய்யற காரியம். சாயங்காலம் அரை மணி நேரம். உங்களால உக்கார முடியுமா, அத மட்டும் சொல்லுங்க."

அதுதான் கண்ணு அவளுக்குப் பெரிய கஷ்டமா இருந்துச்சு.

"ஏன்?"

உக்காந்தா யாரு சோறு வடிக்கறது, யாரு துணி மடிக்கறது? ஆனாலும் மகளப் பாத்தா, காலிப் பையப் பாத்தா. "உக்காருறேன்"னா.

அன்னிக்கு சாயங்காலம் அடுப்புல தண்ணி காய வெச்சா. தளதளன்னு கொதிக்க விடக்கூடாது, வெதுவெதுன்னு இருந்தாப் போதும்னு ஜெசிந்தா சொல்லியிருந்தா. ஒரு பேசின்ல ஊத்தி, கால உள்ள விட்டா. அப்பா! அந்தச் சூடு பாதத்துல ஏறி, முட்டியில ஏறி, முதுகு வரைக்கும் மெல்ல மெல்லப் போச்சு. இன்னொரு கிண்ணத்துல கை. சோப்புக்குப் பதிலா பாசிப்பயறு மாவையும் பாலையும் கொழச்சு, பூப் போல தடவிக் கழுவுனா. அழுத்தித் தொடைக்கல. பழைய வேட்டித் துணியால ஒத்தி ஒத்தி எடுத்தா.

ஈரம் முழுசாக் காயறதுக்குள்ள எண்ணெய். தேன் விக்க வர்றவங்க கிட்ட ஒரு உருண்டை தேன்மெழுகு வாங்கி, தேங்காண்ணெயில போட்டு, சுடுதண்ணிக் கிண்ணத்துக்குள்ள வெச்சு உருக்கியிருந்தா. ஆறுனதும் வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு. வீடெல்லாம் தேன் வாசம். விரல் நுனி, நகக்கண்ணு, குதிகால் வெடிப்பு, ஒதடு, எல்லா எடத்துலயும் தடவுனா. அப்புறம் கைக்கு மேல என்ன மாட்டுனா தெரியுமா?

"என்ன?"

சாக்ஸு! புருஷனோட பருத்தி சாக்ஸு, நல்லாத் தொவச்சது. ரோஷினி பாத்துட்டு, "அய்யே, அம்மாவுக்குக் கையில காலு மொளச்சிருக்கு!"ன்னு உருண்டு உருண்டு சிரிச்சா.

சாக்ஸு போட்ட கையால என்ன செய்ய முடியும்? பாத்திரம் வெளக்க முடியாது. துணி மடிக்க முடியாது. சும்மாதான் உக்காரணும். மொத நாளு தவிச்சுப் போயிட்டா. கரண்டி அங்க கெடக்கே, தூசி இங்க இருக்கேன்னு மனசு பறந்துச்சு. ரெண்டாம் நாளு கொஞ்சம் பரவால்ல. மூணாம் நாளு ரோஷினி சக்கரவள்ளிக் கெழங்கு அவிச்சத ஊதி ஊதி ஊட்டி விட்டா. வாங்கித் தின்னுட்டு, ஜன்னல் வழியா பாத்தா, எதிர் மலை மேல வெயிலு ஆரஞ்சு ஆரஞ்சா எறங்குது. இத்தன வருஷமா இந்த வீட்டுலதான் இருக்கா. அந்த நேரத்துல அந்த ஜன்னல அவ பாத்ததே இல்ல.

கேரட் மண்டிலயும் போயி கேட்டா. "எங்களுக்கு கிளவுஸு வேணும்"னா.

மண்டிக்காரரு, "கிளவுஸு போட்டா கேரட்டு வழுக்கும்மா"ன்னாரு.

"வழுக்குனா நான் கெட்டியாப் புடிச்சுக்கறேன். கை போச்சுன்னா எதப் புடிப்பேன்?"

மறுநா ஒரு கட்டு ரப்பர் கிளவுஸு வந்து தொட்டி மேல உக்காந்திருந்துச்சு. கூட வேலை செய்யற பேபியக்காவும் ஒண்ணு எடுத்து மாட்டிக்கிட்டாங்க.

கேக்கறியா? ம் கொட்டு.

"ம்ம்."

பொங்கலுக்கு ரெண்டே நாளு. புஷ்பராணி ரேஷன் கடைக்குப் போனா. மாதேஷு மெஷினத் தொடச்சு வெச்சான். கட்டவெரல். கீய்ங்! பக்கத்து வெரல். கீய்ங்! நடு வெரல். கீய்ங்! வரிசையே சத்தமில்லாம எட்டிப் பாக்குது. கைய மாத்துனா. கட்டவெரல், இல்ல. அடுத்தது, இல்ல. நடு வெரலும் இல்ல. அப்புறம் சுண்டு வெரலுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கே, நீ நீட்டு, இந்தா, இந்த வெரல். அத வெச்சா.

டிங்!

மாதேஷு மெஷினப் பாத்தான். அவளப் பாத்தான். எந்திரிச்சே நின்னுட்டான். "விழுந்துடுச்சுக்கா! ‘புஷ்பராணி’ன்னு காட்டுது பாருங்க!"

வரிசையில நின்னவங்க கை தட்டுனாங்க. புஷ்பராணி அந்த மெஷின் கண்ணாடியில தன் பேரையே பாத்துட்டு நின்னா. ரோஷினி கரும்பத் தூக்குனா. அவளவிட கரும்பு உசரம். தரதரன்னு இழுத்துட்டே வீட்டுக்குப் போனா.

இங்கயே கதை முடிஞ்சிருக்கும். முடியல. ஏன்னா அவளுக்குப் பின்னால நின்ன பேபியக்காவுக்கு, கீய்ங்! அவங்களுக்குப் பின்னால இன்னொருத்தங்களுக்கும் கீய்ங்! எல்லாம் அதே தொட்டி, அதே தண்ணி.

புஷ்பராணி சொன்னா, "பேபியக்கா, சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க. ஆளுக்கு ஒரு ஜோடி சாக்ஸு எடுத்துட்டு வாங்க."

அஞ்சு பேரு வந்தாங்க. பேசினு, குண்டான், வாளி எல்லாத்துலயும் வெதுவெதுத் தண்ணி. கால விட்டதும் அஞ்சு பேரும் ஒரே மாதிரி, "ஸ்ஸ்ஸ் அப்பாடா"ன்னாங்க. அப்புறம் எண்ணெயத் தடவி, சாக்ஸ மாட்டி, வரிசையா உக்காந்துட்டாங்க.

அப்போ பாத்து கதவுல டொக் டொக்.

யாரு தொறக்கறது? ஆறு பொம்பளைங்க கையிலயும் சாக்ஸு. ரோஷினி பக்கத்து வீட்டுல கரும்பக் காட்டப் போயிட்டா. பேபியக்கா தாப்பாளப் புடிச்சாங்க, வழுக்கிடுச்சு. இன்னொருத்தி புடிச்சா, வழுக்கிடுச்சு. உள்ள ஒரே சிரிப்பு. கடைசியா புஷ்பராணி முழங்கையால இடிச்சு இடிச்சு, டொப்புன்னு தொறந்தா.

வெளிய ஜெசிந்தா. பார்லரப் பூட்டிட்டு, ரேகை விழுந்துச்சான்னு கேக்க வந்திருக்கா. குளிருல வெடவெடன்னு நடுங்கிட்டு, நாள் பூரா நின்ன கால மாத்தி மாத்தி ஊணிட்டு நிக்கறா. பண்டிகைக் கூட்டம், காலையில இருந்து உக்காரவே இல்ல.

புஷ்பராணி அவ கால குனிஞ்சு பாத்தா. வெடிப்பு வெடிப்பா, கேரட் கழுவறவங்க காலு மாதிரியே இருந்துச்சு.

"எத்தன பேரு கால நீ கழுவி விட்ட ஜெசிந்தா? உன் கால யாரு பாத்தா?"

ஜெசிந்தா சிரிக்கப் பாத்தா, சிரிப்பு வரல. "யாரும் இல்லக்கா. தோணவே இல்ல."

புஷ்பராணி சாக்ஸக் கழட்டி வெச்சா. புதுசா தண்ணி காய வெச்சு, விரல விட்டுச் சூடு பாத்தா. ஜெசிந்தாவ சொவத்தோரமா தலகாணி வெச்சு உக்கார வெச்சு, அவ கால எடுத்து தன் மடியில வெச்சுக்கிட்டா. பயத்தமாவு போட்டு மெல்லமா கழுவுனா. ஒத்தி எடுத்தா. தேன் வாசத்தோட எண்ணெயத் தடவி, குதிகால உள்ளங்கையில வெச்சு மெதுவா, மெதுவா அமுக்கி விட்டா.

ஜெசிந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தா. சொல்லி முடிக்கறதுக்குள்ள தல சாஞ்சுடுச்சு. தூங்கிட்டா. பேபியக்கா சாக்ஸு போட்ட கையாலயே ஒரு கம்பளிய இழுத்து அவ மேல போத்தி விட்டாங்க. "உஷ்ஷ்"னு எல்லாரும் பேச்சக் கொறச்சுக்கிட்டாங்க.

கண்ணு? ம் கொட்டலியே?

சரி சரி. கதை கால நீட்டிப் படுத்துடுச்சு. நீயும் படுத்துக்கோ.