மொட்டைமலையிடம் பேரம் பேசியவர்கள்

வெட்டுக்கரை ஸ்டுடியோவில் முதலாளி சங்கரபாகம் ஒருத்தர், கூட இசக்கிராஜ், சொரிமுத்து என்று ரெண்டு பேர். மூன்று தலையையும் உலுக்கினாலும் ஒரு மூளை தேறாது. ஆனால் பேரம் என்று வந்துவிட்டால் சங்கரபாகத்தை அடிக்க ஆளில்லை. கத்தரிக்காயோ கல்யாண மண்டபமோ, அவருக்கு ஒரே வித்தைதான்: "வேண்டாம்வே, நீரே வச்சுக்கிடும்!" என்று முறைத்துவிட்டு நடையைக் கட்டுவார். பத்தடி போவதற்குள் விலை இறங்கிவிடும்.

அரிசிமில் பூவலிங்கம் புதுவருஷக் காலண்டருக்கு மொட்டைமலைப் படம் கேட்டிருந்தார். "வானம் நல்லா கருநீலமா இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா வேலை பக்கத்து ஊர் ஸ்டுடியோவுக்கு." அது போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதற்கென்றே சங்கரபாகம் டவுனில் தொண்டை கிழியப் பேசி, மலை மொத்தமும் அடங்குகிற அகல லென்ஸ் ஒன்றும், வானத்தைக் கருக்கும் ஃபில்டர் ஒன்றும் வாங்கி வந்தார். லென்ஸின் முன்கண்ணாடியோ தவளைக்கண் மாதிரி புடைத்திருந்தது. ஃபில்டரை எப்படித் திருகியும் மாட்டவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"அந்த லென்ஸ்ல மாட்டாது அண்ணாச்சி. படம் எடுக்கையில கையால முன்னால பிடிச்சாப் போதும்."

"கேட்டியளால? மலைக்கு முன்னால பிடிக்கணுமாம்!"

கடை வாசலில் நின்று மலையைக் கேமராவுக்குள் பார்த்தார். அகல லென்ஸில் மலை சுண்டைக்காய் அளவுதான். ஃபில்டர் உள்ளங்கை அகலம். "தாராளமா மூடும். நடங்கலே!"

வேகாத வெயிலில் அடிவாரம் போய் இசக்கிராஜ் ஃபில்டரை மலைமேல் வைத்துப் பார்த்தான். ஒரு ஓணான் மட்டும் மறைந்தது.

"அண்ணாச்சி, மலை வளந்துட்டு!"

சொரிமுத்து தாடையைத் தடவினான். "கையில புது லென்ஸ் இருக்குல்லா. பார்ட்டி வசதின்னு நெனச்சு மலை அளவை ஏத்திட்டு."

சங்கரபாகத்துக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை வியாபாரியைப் பார்த்தவர் அவர்! ஆளைப் பார்த்து ஏற்றுகிற புத்தி மலைக்குமா?

"இந்த அளவெல்லாம் நமக்குக் கட்டாது. நீயே வச்சுக்க!" என்று மலையைப் பார்த்துக் கத்திவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

வாழைத்தோப்பு தாண்டியதும் இசக்கிராஜ் ஓரக்கண்ணால் பார்த்தான். "அண்ணாச்சி, எறங்குது!"

"திரும்பாதலே! ஆசையைக் காட்டினா நின்னுக்கிடும்."

ரயில்வே கேட்டில், "மாட்டு அளவுக்கு வந்துட்டு!"

குளக்கரையில், "ஃபில்டருக்குள்ள அடங்கிட்டு அண்ணாச்சி! படம் எடுத்துருவோமா?"

"படியுற நேரத்துல நிப்பானா எவனாவது? நடலே!"

ஊரையும் தாண்டி, அடுத்த ஊர்ப் பஸ் ஸ்டாண்டு வந்தபோது மலையே தெரியவில்லை. மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். இசக்கிராஜ் ஃபில்டரைப் பிடிக்க, சங்கரபாகம் மீசையை முறுக்கிக்கொண்டு படம் எடுத்தார்.

சாயங்காலம் பூவலிங்கம் படத்தைப் பார்த்தார். அழகான கருநீல வானம்.

"மலை எங்கவே?"

"பேசிப் பேசி ஒண்ணுமில்லாம ஆக்கிட்டேன் முதலாளி. கடைசியில சும்மா கொண்டு போன்னுட்டு!"

பூவலிங்கம் முகம் சிவந்து மேசையை ஓங்கி அடித்தார்.

"கூறுகெட்ட மனுசா! சும்மா கிடைக்குதுன்னா ஒண்ணோடயா வருவீரு? காலண்டர்ல மாசம் பன்னெண்டு இருக்குல்லாவே!"