மரமேறும் தவளை

ஆங்கில அகராதி முழுவதும் தனக்கு அத்துப்படி என்று மார்தட்டுகிறவர் ஆசிரியர் தணிகாசலம். ஒருநாள் மாணவி மங்கையர்க்கரசியிடம், "நாளைக்குள்ள இந்த அகராதியை மனப்பாடம் பண்ணு. இல்லேன்னா ஆங்கிலப் பேச்சுப் போட்டியில உனக்கு இடமில்லை" என்றார்.

மறுநாள் அவள் எழுந்தாள். "முடிச்சிட்டேன் சார். செண்பகம் ஒரு வார்த்தை படிக்கட்டும். நான் அர்த்தம் சொல்றேன். சரியான்னு நீங்க சொல்லுங்க."

பக்கத்தில் இருந்த தோழி செண்பகம் அகராதியைத் திறந்து, "ஃபர்கின்" என்றாள்.

"மரமேறும் தவளை!" என்றாள் மங்கை.

ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார். "ம்... கரெக்ட்."

செண்பகம் அர்த்தத்தைப் படித்தாள்: "சின்ன மரப்பீப்பாய்."

வகுப்பே சிரித்தது.

"ஒரே ராத்திரியில எனக்கும் ஏறலை சார். தினம் அஞ்சு வார்த்தையா, எல்லாரும் சேர்ந்து படிப்போமா?" என்றாள் மங்கை.

போட்டிக்கு அவள் பெயரை எழுதியபடியே ஆசிரியர் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, அந்தத் தவளைக்கு இங்கிலீஷ்ல என்ன?"