செண்பகத்தைக் குட்டி ரயிலேற்ற மாதம் பார்த்த கதை

புளியங்காட்டூரில் பந்தல்காரர் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். காட்டிவிட்டுச் சிரிக்கவும் செய்வார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர். அப்பா விட்டுப் போன மூங்கிலையும் தார்ப்பாயையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பிரித்துக்கொள்ளாமல் ஒன்றாகவே தொழில் நடத்தினார்கள். அறிவையும் அப்படியே பொதுவில் வைத்திருந்தார்கள். அது ஓர் ஆளுக்கே போதாத சரக்கு என்பதால் பங்கு கேட்டு யாரும் சண்டை போடவில்லை.

மூத்தவர் ஆவுடையப்பன். யோசிப்பது அவர் பொறுப்பு. இரண்டாமவர் சுடலைமுத்து. அண்ணன் யோசித்ததைக் கேட்டு மலைத்துப்போவது அவர் பொறுப்பு. இளையவர் கொம்பையா. மற்ற இருவரும் பேசி முடித்த பிறகு ஒரு சந்தேகம் கேட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கி வைப்பார்.

கொம்பையாவின் மகள் செண்பகம் அப்போது மூன்றாம் வகுப்பு படித்தாள். நாற்கர சாலையில் ஆனந்தலோகம் என்று ஒரு தீம் பார்க் இருந்தது. அங்கே ஒரு குட்டி ரயில். அதில் முன்னால் உட்காரும் பிள்ளைக்கு டிரைவர் தொப்பி போட்டுவிடுவார்கள். மணியடித்து ரயிலைக் கிளப்புவது அந்தப் பிள்ளைதான். செண்பகத்தின் வகுப்பில் பாதிப் பேர் அந்தத் தொப்பியோடு படம் எடுத்து வந்துவிட்டார்கள். "நானும் ஓட்டத்தான் போறேன்" என்று செண்பகம் வகுப்பில் சொல்லி வைத்துவிட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும், "என்னட்டி, ரயில் ஓட்டியாச்சா?" என்று கேள்வி வந்துகொண்டே இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். பார்க் வாசலில் சிமெண்டால் செய்த ஒட்டகச்சிவிங்கி ஒன்று நிற்கும். அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் குட்டி ரயில். செண்பகத்தின் தலைக்கும் கோட்டுக்கும் நடுவே அப்போது நாலு விரல் இடைவெளி இருக்கும். பிள்ளைகள் வளரக்கூடியவர்கள் என்பது அந்த வீட்டில் செண்பகத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க. நான் வளந்துட்டேன்னா ஏத்த மாட்டாங்க" என்றாள்.

"அவசரப்பட்டு எதையும் செய்யக்கூடாது. எப்பப் போனா நல்லதுன்னு விசாரிச்சிட்டுப் போவோம்" என்றார் ஆவுடையப்பன்.

சுடலைமுத்து பார்க்குக்கு போன் போட்டார். எடுத்த பெண், "ஆஃப் சீசன்ல வாங்க சார். கூட்டமே இருக்காது" என்றாள்.

சுடலைமுத்து போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணனிடம் திரும்பினார். "அண்ணே, கூட்டமே வராதாம். அதையும் அந்தப் புள்ள வாயாலயே சொல்லுதுண்ணே."

ஆவுடையப்பன் முகம் வாடிவிட்டது. பந்தல்காரனுக்குக் காலி நாற்காலியைவிடத் துக்கமான காட்சி கிடையாது. "பாவம். என்ன நொடிப்போ என்னவோ. ஆள் சேராத எடத்துக்குப் போயி நாம மட்டும் எப்படிடே சிரிச்சிட்டு நிக்கது?"

"நாம வேணா நாலு வேன்ல ஆள் கூட்டிட்டுப் போவோமா?" என்றார் சுடலைமுத்து.

"ஐயோ பெரியப்பா, கூட்டம் இல்லைன்னாத்தான் நல்லது. வரிசையில நிக்க வேண்டாம்" என்று செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதை விளங்கிக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாரம் ஆனது. விளங்கிய பிறகு மாதம் பார்க்க உட்கார்ந்தார்கள். சுவரில் தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரைக் கழற்றி நடுவில் வைத்துக்கொண்டார்கள்.

"சித்திரை?" என்றார் சுடலைமுத்து.

"வெயில். அங்க எல்லாம் தண்ணி விளையாட்டு. வெயில்ல தண்ணி கொதிச்சுப் போயிருக்கும். புள்ள வெந்துரும்."

"ஆடி?"

"காத்து. நம்ம தார்ப்பாயே கோயில் கோபுரத்துல போய் உக்காந்துச்சு. ராட்டினத்துல ஏறினா எந்த ஊர்ல எறங்குவோம்னு சொல்ல முடியாது."

"ஐப்பசி?"

"மழைடே. தண்ணி விளையாட்டு விளையாடையில மழை பெஞ்சா நனைஞ்சிர மாட்டோமா?"

"எவ்வளவு தூரம் யோசிக்கீங்கண்ணே!" என்று மலைத்தார் சுடலைமுத்து. "மார்கழி?"

"பனி."

"தை, மாசி, வைகாசி, ஆவணி எல்லாம் முகூர்த்த மாசம். நம்ம பந்தல் வேலை இருக்கு" என்று சுடலைமுத்து தானே தள்ளிவிட்டார். பங்குனியில் கோயில் கொடை, ஆனியில் சாரல், புரட்டாசியில் ஊரே கவுச்சி சாப்பிடாது, கார்த்திகையில் விளக்கு வைக்க வீட்டில் ஆள் வேண்டும். காலண்டர் தீர்ந்துவிட்டது.

மூவரும் அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்கள்.

"இந்தக் காலண்டர்ல நல்ல மாசமே போடலை" என்றார் ஆவுடையப்பன். "மளிகைக்கடைக்காரன் கஞ்சப்பய. சும்மா கொடுக்கதுதானே, அவன் எப்படிப் போடுவான்?"

நகைக்கடைக் காலண்டர் ஒன்று வாங்கி வரப்பட்டது. தாள் வழவழவென்று இருந்தது. உள்ளே அதே மாதங்கள்தான்.

"புது வருஷக் காலண்டர் வரட்டும். அதுல புதுசா ஏதாவது இருக்கும்" என்று ஆவுடையப்பன் முடிவு சொன்னார். புது வருஷக் காலண்டர் வந்தபோது செண்பகம் நான்காம் வகுப்பில் இருந்தாள். பாவாடையை இரண்டு தடவை மடிப்புப் பிரித்து விட்டிருந்தார்கள்.

அவள் கூனிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். கொம்பையா அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் சத்துமாவு கொடுக்கச் சொன்னார். அது இன்னும் கொஞ்சம் வளர்த்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு ஞானதிரவியம் யோசனை சொன்னார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பார்க்குக்குக் குடும்பத்தோடு போய் வந்தவர். "பள்ளிக்கூடம் நடக்கிற நாளாப் பாத்து, புதன்கிழமை மாதிரி போங்கவே. புள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடத்துல இருக்கும். பார்க்கு ஈயாடும்."

தெளிவான யோசனை. அதை அவர் இந்த வீட்டில் சொன்னதுதான் தவறு.

அடுத்த புதன்கிழமை விடிந்ததும் செண்பகம் குளித்து, பூப்போட்ட கவுன் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஆவுடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கட்டி கெளம்பிட்ட? இன்னைக்குப் பள்ளிக்கூடம்லா?"

"இன்னைக்குத்தான பார்க்குக்குப் போறோம்!"

"புள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடத்துல இருக்கிற நாளுன்னுதான ஞானதிரவியம் சொன்னாரு. நீ வந்துட்டா அது எப்படி அந்த நாளாகும்? எல்லாத்தையும் கெடுக்கப் பாக்கியா?"

சுடலைமுத்து மலைத்தார். கொம்பையாவுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம் வந்தது. "அண்ணே, இவளுக்காகத்தான..."

"இவளுக்காகத்தாம்டே இவளை விட்டுட்டுப் போறோம். இல்லைன்னா கூட்டம் வந்துரும்."

அண்ணன் தம்பி மூவரும் பார்க்குக்குப் போனார்கள். செண்பகம் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் மூவரும் முகம் மலரத் திரும்பி வந்தார்கள்.

"ஏட்டி செண்பகம், நீ சொன்ன ரயிலைப் பாத்தோம்" என்றார் ஆவுடையப்பன். "ஒரு குஞ்சு குளுவான் இல்லை. சும்மாவே நிக்குது. நீ மட்டும் அங்க இருந்திருந்தா நாள் பூரா ஓட்டியிருக்கலாம்."

"தொப்பி கூட அழுக்காகாம இருந்துச்சு" என்றார் சுடலைமுத்து.

செண்பகம் பள்ளிக்கூடப் பையை வீசி எறிந்தாள். "உங்க மூணு பேரையும் கட்டி அந்த மூங்கில் கட்டோட போட்டு வச்சாத்தான் சரிப்படும்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை.

பெரியவர்களுக்கு மனம் கேட்கவில்லை. அவர்களிடம் இல்லாதது புத்தி மட்டும்தான். மனம் எல்லோருக்கும் உள்ளதுபோல் அவர்களுக்கும் இருந்தது. சோற்றுத் தட்டோடு கொம்பையா மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வெளியே அண்ணன்மார் குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் ஆவுடையப்பன் உள்ளே வந்தார்.

"அழாதே. கூட்டமே இல்லாத நாளும் வேணும், நீயும் வரணும். அவ்வளவுதான? நான் பாத்துக்கிடுதேன்."

அவர் பார்த்துக்கொண்டது இப்படித்தான். தினமும் பார்க்குக்கு போன் செய்து, "இன்னைக்குக் கூட்டம் எப்படி?" என்று கேட்டார். ஆட்கள் வந்திருப்பதாகவே பதில் வந்தது. அடைமழைக்காலத்தில் ஒருநாள் அவர் எதிர்பார்த்த பதில் வந்தது.

"இன்னைக்கு யாருமே இல்லை சார்" என்றாள் அந்தப் பெண். மேலே ஏதோ சொல்ல வந்தாள். ஆவுடையப்பன் சந்தோஷத்தில் போனை வைத்துவிட்டார்.

மழைக்காகப் பள்ளிக்கூடமும் விடுமுறை. பந்தல் வேனில் எல்லோரும் ஏறினார்கள். வரிசையில் நிற்க நேர்ந்தால் உட்காரட்டும் என்று நாற்காலிகளையும் ஏற்றினார்கள். செண்பகம் வழி நெடுகக் கையால் மணியடித்துப் பழகிக்கொண்டே வந்தாள்.

பார்க் வாசலில் இரும்புக் கேட் பூட்டியிருந்தது. பராமரிப்புப் பணிக்காக விடுமுறை என்று பலகை தொங்கியது. ஒரு வாட்ச்மேன் மட்டும் குடையோடு நின்றார்.

ஆவுடையப்பன் இரண்டு பக்கமும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "பாத்தியாட்டி? ஒரு ஆள் உண்டா? இதுதான் ஆஃப் சீசன். கூட்டமே இல்லாததுன்னா இப்படி இருக்கணும்."

"நம்மளைத் தவிர யாருக்கும் இந்த நாள் தோணலை பாருங்கண்ணே" என்றார் சுடலைமுத்து.

நாற்காலிகளை இறக்கி, பூட்டிய கேட்டுக்கு முன்னால் வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். வாட்ச்மேன் வந்து பார்க் பத்து நாளைக்குத் திறக்காது என்று மூன்று தடவை சொன்னார்.

"பரவாயில்லை, நாங்க அவசரப்படலை" என்றார் ஆவுடையப்பன்.

செண்பகம் மட்டும் எழுந்து போய், கேட்டுக்கு வெளியே நின்ற ஒட்டகச்சிவிங்கியோடு ஒட்டி நின்றாள். தலைமேல் கையை வைத்துப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே இரண்டு விரல் போய்விட்டது. அப்படியே மழையில் நின்றாள்.

வாட்ச்மேனுக்கே பாவமாக இருந்தது. "திறந்தாலும் இந்தப் பாப்பாவை ஏத்த மாட்டாங்க சார். உயரம் கூடிருச்சு" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனார்.

மூவரும் கூடினார்கள்.

"மொட்டை அடிச்சிட்டா ரெண்டு விரல் கொறையும்" என்றார் சுடலைமுத்து.

"என் முடியில கை வச்சுப் பாருங்க" என்றாள் செண்பகம். யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

"உயரம் புள்ளைகிட்ட இல்லை, தரையில இருக்கு" என்றார் ஆவுடையப்பன். "நிக்கிற எடத்தைத் தோண்டினா புள்ள எறங்கிரும். குழி தோண்டதுக்கு நமக்குச் சொல்லியா தரணும்?"

வேனில் கடப்பாரை இருந்தது. பந்தல்கால் நடக் குழி தோண்டுவது அவர்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை. மழையில் ஊறிய மண் பொலபொலவென்று வந்தது. செண்பகம் நிற்க வேண்டிய இடம் எது என்று சரியாகத் தெரியாததால் ஒட்டகச்சிவிங்கியைச் சுற்றிலும் ஒரே சீராகத் தோண்டினார்கள். வேலை முடிகிற நேரத்தில் ஒட்டகச்சிவிங்கி ஒரு முனகலோடு மண்ணுக்குள் இறங்கியது. சிவப்புக் கோடு இப்போது செண்பகத்தின் இடுப்புக்கு வந்தது. இனி அந்த ரயிலில் ஏற வேண்டுமென்றால் தவழ்கிற பிள்ளைதான் வேண்டும்.

"இன்னும் வளந்துட்டாளேடே!" என்று பதறினார் சுடலைமுத்து.

"தோண்டத் தோண்ட வளருதாளே. நிறுத்துங்க" என்றார் ஆவுடையப்பன்.

நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். "நம்ம அப்பா வாலிபத்துல எவ்வளவு உயரம்? நிலைப்படி இடிக்கும்னு குனிஞ்சு வருவாரு. கடைசிக் காலத்துல?"

"சுருங்கி இம்புட்டுத்தான் இருந்தாரு" என்றார் கொம்பையா.

"அப்ப உயரங்கிறது ஏறினபடியே நிக்காது. செண்பகமும் எண்பது வயசுல தானா எறங்கிருவா. நாமதான் அவசரப்பட்டு அவளை வளர்ற பருவத்துல கூட்டிட்டு வந்துட்டோம்."

வாட்ச்மேன் திரும்பி வந்து, இடுப்பளவு புதைந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக் குடையைக் கீழே போட்டார். ஆவுடையப்பன் அவரிடம் பணிவாகக் கேட்டார். "எண்பது வயசுல வந்தா இந்தப் புள்ளைய ரயில்ல ஏத்துவீங்களா?"

"எப்ப வேணா வாங்க சார்! இப்ப மட்டும் கெளம்பிருங்க!" என்று அலறினார் வாட்ச்மேன்.

நாள் குறித்தாகிவிட்டது. வேனில் ஏறும்போது கொம்பையா தன் வழக்கப்படி சந்தேகம் கேட்டார். "அண்ணே, சின்னப்புள்ளைங்க தனியா வரக்கூடாது, வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் கூட வரணும்னு உள்ள எழுதிப்போட்டிருந்துச்சே?"

"ஆமா, அது ஒண்ணு இருக்கு" என்றார் ஆவுடையப்பன். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது.

"நான் வளர்ற வேகத்துக்கு உங்க மூணு பேரையும் இடுப்புல தூக்கிட்டுத்தான் ரயில் ஏறணும்" என்றாள் செண்பகம்.

"இப்பவே எவ்வளவு பொறுப்பு பாத்தியா?" என்று மலைத்தார் சுடலைமுத்து.

ஆவுடையப்பன் மறுநாளே வெற்றிலையையும் புகையிலையையும் விட்டார். விடிந்ததும் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு குளக்கரையில் வேகமாக நடக்கிறார். என்ன அண்ணாச்சி, இந்த வயதில் இவ்வளவு அக்கறை என்று யாராவது கேட்டால், நிற்காமலே சொல்லிவிட்டுப் போகிறார்.

"வீட்டுல சின்னப்புள்ள இருக்குல்லா. அவளுக்கு எண்பது வயசாகையில துணைக்குப் போக ஒரு பெரிய ஆள் வேணும்."