செவலை மேய்ந்த புல்

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த அணு உலை முந்தாநாளே கசிந்துவிட்டது. "வெளியில் மேய்ந்த மாட்டின் பாலை யாரும் குடிக்காதீர்கள்" என்று ஒலிபெருக்கி வண்டி கத்திக்கொண்டே போனது.

மடத்தில் மாடு பார்க்கும் உமாபதியைப் பயம் பிடித்துக்கொண்டது. பேய் பிசாசு என்றாலாவது வேப்பிலை அடிக்கலாம். இதை என்னத்தைக் கொண்டு அடிப்பது?

அவருக்கு எழுபது வயது. அவருடைய குருவான மடத்து அம்மாவுக்கு நாற்பதுகூட இல்லை.

"தாயே, பயமா இருக்கு. என்ன செய்யட்டும்?"

"மாட்டை வெளியே விடாதீங்க ஐயா. பழைய வைக்கோலைப் போடுங்க."

அவ்வளவுதானா? மனுஷனுக்கு மனசு ஆறவில்லை. போதாக்குறைக்கு மகளும் பேத்தி இளவெயினியும் மடத்துக்கு வந்திருந்தார்கள். இரண்டு வயதுப் பிஞ்சு. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால்?

எந்தத் தீட்டையும் பஞ்சகவ்யம் போக்கிவிடும் என்று நம்பி வளர்ந்தவர் அவர். அதில் கலந்துவிட்டால் பால் வெறும் பாலா என்ன? விறுவிறுவென்று கலக்கினார். முதல் கரண்டியைப் பேத்திக்கே புகட்டினார்.

இரண்டாவது கரண்டியை எடுக்கும்போது மடத்து அம்மா வந்து கையைப் பிடித்தார்.

"இதுல என்னென்ன இருக்கு?"

"பால், தயிர், நெய், கோமியம், சாணம்."

"எந்த மாட்டோடது?"

"நம்ம செவலையோடது."

"நேத்து அது எங்கே மேய்ஞ்சுது?"

"மலையடியில..." உமாபதி தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தார். "செவலை நல்லாத்தானே இருக்கு, தாயே? தின்னுது, அசை போடுது!"

"நல்லாத்தான் இருக்கும். உலையிலேர்ந்து காத்துல வந்த கதிர்வீச்சு அயோடின் புல்லுல படிஞ்சுது. அதைத் தின்ன மாட்டுக்குக் கழுத்துச் சுரப்பியில கொஞ்சம் தங்கும். மிச்சம் பாலுல, கோமியத்துல, சாணத்துல இறங்கிடும்."

"அப்ப... பேத்திக்கு?"

"அவளுக்கும் கழுத்துலதான் தங்கும்."

உமாபதி பேத்தியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அவள் கூச்சத்தில் கிளுகிளுவென்று சிரித்தாள்.

அம்மா உடனே உமாபதியின் மகளைக் கூப்பிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து முகாமுக்கு ஓடச் சொன்னார். அங்கே டாக்டர்கள் கழுத்துச் சுரப்பியைக் காக்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உமாபதி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஐயோ, பயத்துலதானே தாயே செஞ்சேன்!"

அம்மா பாத்திரத்தை மூடினார்.

"தன் மடியில என்ன இறங்குதுன்னு செவலைக்குத் தெரியாது, ஐயா. உங்க பயம் உங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு? அதைப் பிள்ளைக்கு ஏன் புகட்டினீங்க?"