பாறையில் ஏற மறுத்த மயில்

ஒரு காட்டில், இரைச்சலோடு ஓடும் ஓடையின் கரையில் உயரமான பாறை ஒன்று இருந்தது. குழந்தைகளே, பல மழைக்காலங்களாக அந்தப் பாறைமேல் ஒரே மயில்தான் ஆடி வந்தது. முயல்களும் மந்திகளும் கூடி நின்று பார்க்கும். மயிலுக்குத் தன் தோகைமீது அவ்வளவு பெருமை.

ஆண்டுதோறும் தோகை உதிரும்; மறுபடி முளைக்கும். மயிலுக்கு வயதாகிவிட்ட அந்த ஆண்டு, முளைத்தது குட்டையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது ஓடையில் மயில் அதைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு யார் கண்ணிலும் படாமல் மூங்கில் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டது.

பாறையடியில் குட்டியோடு மேயும் பெண்மான் இரண்டு முறை தேடி வந்தது. காலில் முள் குத்திவிட்டது, ஆறியதும் வருகிறேன் என்று மயில் புதருக்குள் இருந்தபடியே பொய் சொன்னது. இங்கிருந்தே எல்லாம் தெரிகிறது, பயமில்லாமல் மேயுங்கள் என்றும் சொல்லி அனுப்பியது.

ஒரு பிற்பகலில், கோரைப்புல் நடுவே மஞ்சள் முதுகு ஒன்று மெல்ல நகர்வதை மயில் கண்டது. சிறுத்தை! சற்று அப்பால் மான்கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது.

புதருக்குள்ளிருந்து கத்தினால் ஓடை இரைச்சலில் கேட்காது. பாறைமேல் ஏறித்தான் கத்த வேண்டும். ஏறினால் எல்லோரும் தோகையைப் பார்ப்பார்கள். மரத்திலிருந்து மந்தி பார்த்துக் கத்திவிடும் என்று மயில் காத்திருந்தது. மந்தி கத்தவில்லை. மயில் ஒரு காலை வெளியே எடுத்து வைத்தது, பின் இழுத்துக்கொண்டது.

அதற்குள் சிறுத்தை பாய்ந்துவிட்டது. பெண்மானின் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

மயில் புதரைவிட்டு வெளியே வந்து தாய்மான் முன் நின்றது.

"நீ பார்த்தாயா?" என்று மான் கேட்டது.

"பார்த்தேன்."

"பிறகு ஏன் கத்தவில்லை?"

"இந்தத் தோகையோடு உங்கள் முன்னால் வர வெட்கமாக இருந்தது."

மான் அந்தத் தோகையை அப்போதுதான் பார்த்தது.

"நீ ஆடுவது அழகுதான். ஆனால் அதற்காகவா நாங்கள் இங்கே மேய்ந்தோம்? ஆபத்து வந்தால் நீ பார்த்துக் குரல் கொடுப்பாய் என்ற தைரியத்தில்தானே குட்டிகளைக் கூட்டி வந்தோம்" என்று சொல்லிவிட்டு மான் திரும்பி நடந்தது.

மறுநாள் காலை மயில் பாறைமேல் ஏறியது. முயல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மயிலுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அது இறங்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதன்பின் ஒவ்வொரு நாளும் வந்து நின்றது.

சில நாள் கழித்து சிறுத்தை மீண்டும் வந்தது. மயில் தொண்டை கிழியக் கத்தியது. மான்கள் துள்ளி ஓடையைக் கடந்து தப்பின. அக்கரையில் தாய்மான் ஒரு கணம் நின்று பாறையை நிமிர்ந்து பார்த்தது. அதன் பக்கத்தில் குட்டி இல்லை.

சிறுத்தை மறையும்வரை மயில் கத்திக்கொண்டே நின்றது.

நீதி: அழகு குறைந்துவிட்டதே என்று ஒளிந்துகொள்பவர், தம்மால் இன்னும் செய்யக்கூடிய உதவியையும் பிறருக்கு இல்லாமல் செய்துவிடுகிறார்.