குரங்கு மாஸ்டரின் வலிமைக் கூடம்

துள்ளாண்டி முயலுக்கு நரி என்றாலே பயம். முயலுக்கு வேறென்ன ஆயுதம்? கால்தான் ஆயுதம், கால்தான் உயிர். அந்தக் காலை இன்னும் வேகமாக்கிக்கொள்ள ஆசைப்பட்டு, குரங்கு மாஸ்டரின் வலிமைக் கூடத்தில் போய்ச் சேர்ந்தான்.

கூடம் என்றால் ஓர் ஆலமரம், அவ்வளவுதான். மாஸ்டர் கிளையில் உட்கார்ந்து பலாச்சுளை தின்பார். கீழே மற்றவர்கள் தண்டால் எடுப்பார்கள், ஓடுவார்கள். மாஸ்டர் ஒரு தண்டால் எடுத்து எவரும் பார்த்ததில்லை. ஆனால் தத்துவத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை!

"வலிமைங்கிற சொல்லில் முதலில் என்ன இருக்கு? வலி! வலி வந்தாத்தான் வலிமை வரும். இன்னும் பத்து!"

அடடா, என்ன தமிழ், என்ன தமிழ்! எல்லோரும் சொக்கிப் போனார்கள்.

துள்ளாண்டி வந்ததும் வராததுமாக, உடம்பைக் கொஞ்சமும் தளர்த்திக்கொள்ளாமல், விடியற்காலைக் குளிரில் குன்றேறி ஓடினான். மூன்றாம் நாள் பின்னங்காலில் சுருக்கென்றது.

"மாஸ்டர், வலிக்குது!"

"சபாஷ்! வலிமை வந்துட்டிருக்கு. இன்னும் பத்து!"

நொண்டிக்கொண்டு வீடு திரும்பியவனைப் பார்த்து, பக்கத்து வளை முள்ளம்பன்றி முத்தக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அட கூறுகெட்டவனே, அது சுளுக்குடா! நாலு நாள் காலை நீட்டிப் படு!"

"உனக்குப் பொறாமை, அக்கா!"

கால் வீங்க வீங்க, பலம் ஏறுவதாகவே நினைத்தான், பாவம்.

கூடத்தில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. காடை வரவில்லை. வயல் எலி வரவில்லை. "சோம்பேறிங்க, லீவு போட்டுட்டாங்க!" என்றார் மாஸ்டர். அவர்களோ நரியின் வயிற்றுக்குள் இருந்தார்கள். நொண்டிகளாகப் பார்த்துப் பிடித்தே நரி பூசணிக்காய் போல ஊதியிருந்தது.

ஒருநாள் ஆலமரத்தடியிலேயே அது துள்ளாண்டி மேல் பாய்ந்தது. துள்ளாண்டி மயிரிழையில் விலகி, ஓட எம்பினான். கால் ஒத்துழைக்கவில்லை! "ஐயோ, செத்தேன்!"

"உங்க மாஸ்டர் புண்ணியத்தில், ஒரு மாசமா நான் ஓடவே இல்லை தம்பி!" என்று இளித்தபடி நரி மறுபடி தாவியது. தாவிய வேகத்தில் அதன் தொடையே பிடித்துக்கொண்டது. "ஆ! அம்மா!"

முயல் மூன்று காலில் நொண்ட, நரியும் முனகிக்கொண்டே பின்னால் நொண்டியது. வழியில் ஓர் ஆமை இரண்டு பேரையும் முந்திக்கொண்டு போனது. கிளையில் இருந்த மாஸ்டருக்கோ ஒரே உற்சாகம். "அப்படித்தான்! ரெண்டு பேருக்கும் வலிமை வருது! இன்னும் பத்து!"

நரியின் மூச்சு வாலில் பட்ட நேரத்தில், துள்ளாண்டி ஆலமரத்தடியில் இருந்த ஒரு வளைக்குள் உருண்டு விழுந்து தப்பினான். கண்ணீரும் கோபமுமாக உள்ளேயிருந்து கத்தினான்: "மாஸ்டர், அந்தப் பத்தை நீங்களே இறங்கி வந்து எடுங்க! நரி கீழேதான் நிக்குது!"

மாஸ்டர் சத்தமில்லாமல் இன்னும் இரண்டு கிளை மேலே ஏறிக்கொண்டார்.

உடம்பு வலிக்கிறது என்று சொன்னால் நின்று கேட்பவன் பலசாலி ஆவான். கேட்காமல் ஓடுபவன் பிறருக்குப் பலகாரம் ஆவான்.