எதிர் டேபிள் செடி

எழிலரசி டீச்சருக்கு முப்பத்திமூணு வயசு. அவங்ககிட்ட சிஷ்யனாச் சேந்த தெய்வசிகாமணிக்கு அம்பத்தாறு.

திருச்சியில, உறையூர்ப் பக்கம் டீச்சர் வீடு. மொட்டை மாடி முழுக்க பச்சை வலை கட்டியிருக்கும். அதுக்குக் கீழ செடிங்க. எல்லாமே வீட்டுக்குள்ளயும் ஆபீசுக்குள்ளயும் வளர்ற ஜாதி. கொஞ்சம் வெளிச்சம், எப்பவாவது தண்ணி. அதுக்கு மேல எதுவும் கேக்காது. ஞாயித்துக்கிழமை ஆனா அங்க வகுப்பு.

சேர்றவங்க ரெண்டு ரெண்டு பேராத்தான் வரணும். டீச்சர் ஒரு பெரிய தொட்டியைக் கவுத்து, செடியை ரெண்டாப் பிரிச்சு, ஒரே மாதிரி வெள்ளைத் தொட்டியில வெச்சு ஆளுக்கொண்ணு குடுப்பாங்க. தொட்டியில பேர் எழுதக் கூடாது. அது ஒண்ணுதான் கண்டிஷன்.

தெய்வசிகாமணிக்கு ஜோடியா வந்தது ஷர்மிளா பானு. ரெண்டு பேருக்கும் ஒரே ஆடிட்டர் ஆபீஸ், எதிரெதிர் டேபிள். அவர் சீனியர். அவ நேத்து வந்த பொண்ணு. "தனியாப் போனா சேத்துக்க மாட்டாங்களாம். சும்மா துணைக்கு வாம்மா"ன்னு அவளைக் கூட்டிட்டுப் போனதே அவர்தான்.

கிடைச்சது ஜீஜீ பிளான்ட். மெழுகு தேய்ச்ச மாதிரி இலை, தடிச்ச தண்டு. ஜன்னலே இல்லாத ரூம்ல, ஏசிக்கு அடியிலகூட நிக்கும்.

செடியைக் கையில குடுக்கும்போது டீச்சர் சொன்னாங்க. "பொங்கல் முடிஞ்சதும் நான் கேரளா போறேன். ஆராய்ச்சிப் படிப்பு. திரும்பி வர நாளாகும். இந்த மாடிச் சாவியை உங்கள்ல ஒருத்தர்கிட்டதான் குடுத்துட்டுப் போவேன்."

ஆபீஸ்ல தெய்வசிகாமணிக்கு அப்புறம் வந்தவங்க எல்லாம் மேல போயிட்டாங்க. ஆபீஸ் பீரோ சாவிகூட இன்னைக்கு வரைக்கும் யாரும் அவரை நம்பிக் குடுத்ததில்ல. இந்தச் சாவி தனக்குத்தான்னு படி இறங்கும்போதே முடிவு பண்ணிட்டாரு.

ஆபீஸ்ல அவர் டேபிள்ல ஒரு செடி, அவ டேபிள்ல ஒரு செடி. நடுவுல நடக்குற வழி மட்டும்தான்.

முதல் மாசம் ரெண்டும் சும்மா நின்னுச்சு. அப்புறம் ஒரு காலையில பானு தொட்டியில மண்ணைக் கிழிச்சுக்கிட்டு ஒரு பச்சை முளை. ஈட்டி மாதிரி.

"ஏம்மா பானு, உன் செடியில முளை வந்திருக்கே!"

"அட ஆமா! நான் பாக்கவே இல்லண்ணே."

பாக்கவே இல்லையாம்! அவர் தன் தொட்டியைப் பாத்தாரு. ஒண்ணும் இல்ல. வாட்டர் பாட்டிலைத் திறந்து, மூடியில ஒரு மூடி தண்ணி எடுத்து ஊத்துனாரு. ஒரு மூடிதானே.

கொஞ்ச நேரம் கழிச்சு அந்த முளையைத் திரும்பப் பாத்தாரு. இன்னொரு மூடி.

வகுப்புக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்துச்சு. வாராவாரம் எல்லாரும் செடி போட்டோ போடணும். பானு அவ போட்டோவை ஒரு பக்கமா சாய்ச்சு, பாதி கம்ப்யூட்டர் தெரியிற மாதிரி போட்டா. டீச்சர் ரெண்டு கைதட்டல் போட்டாங்க. தெய்வசிகாமணி இலையெல்லாம் தொடச்சு, பின்னாடி வெள்ளைத் துணி கட்டி எடுத்துப் போட்டாரு. டீச்சர் ஒரே ஒரு கட்டை விரல்.

அந்தக் கட்டை விரலைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாரு. அது கட்டை விரலாவேதான் இருந்துச்சு.

அடுத்த ஞாயிறு மாடியில டீச்சரைத் தனியாப் புடிச்சாரு.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. பிரிக்கும்போது அந்தப் பொண்ணுக்கு நல்ல பாதி போயிடுச்சோ?"

"ரெண்டும் ஒரே தாய் சார்."

"அப்ப அவ ஏதோ பண்றா."

"அவளையே கேளுங்களேன்."

கேட்டாரு.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. செடிக்கு என்ன ஊத்துற?"

"டீ."

"டீயா!"

"அய்யோ, சும்மா சொன்னேண்ணே! ஞாபகம் வந்தா தண்ணி. வரலன்னா அதுவும் இல்ல."

"ரகசியத்தைச் சொல்ல மாட்டேங்குற. சரி, சரி."

"அண்ணே, இதுல என்னண்ணே ரகசியம்? பச்சைத் தண்ணி!"

அன்னைக்கு மட்டும் அவர் செடிக்கு எத்தனை மூடி போச்சுன்னு அவருக்கே தெரியாது.

ஐப்பசி மழை நேரம். அவர் செடியில ஒரு தண்டு மஞ்சளாச்சு. வீட்டுல சாப்பாடு இறங்கல.

அவர் மனைவி காந்திமதி ரசத்தை ஊத்திக்கிட்டே சொன்னாங்க. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. உங்க செடி மேல யாரோ கண்ணு வெச்சிருக்காங்க."

"எதிர்ல ஒருத்திதான் இருக்கா."

"அப்ப தொட்டியில ஒரு மைப்பொட்டு வைங்க. மத்தவங்க கண்ணுக்குத் தெரியாம, உங்க பக்கமா வைங்க."

பேர்தானே எழுதக் கூடாது? பொட்டு வெக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லல. மறுநாள் காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி போய், தன் சீட்டைப் பாத்த பக்கம் திருஷ்டிப் பொட்டு வெச்சாரு. உட்காந்தாரு. நிமிந்து பானு செடியைப் பாத்தாரு. ரெண்டாவது முளை.

பானு நாத்தனார் கல்யாணத்துக்குக் காரைக்கால் போனா. போறப்போ செடியைப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. சீப்பு, சார்ஜர் எல்லாம் ஞாபகமா எடுத்துக்கிட்டா. செடிக்கு ஒரு டாட்டாகூட இல்ல.

அவ இல்லாத நாள்லதான் அவ செடி ரெண்டு முளையையும் விரிச்சுது. தளதளன்னு. வெளிச்சமே இல்லாத மூலையில நின்னுக்கிட்டு, அப்படி ஒரு மினுமினுப்பு! அவர் செடியில ரெண்டாவது தண்டும் தொவண்டு சாஞ்சிடுச்சு.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனாங்க. தெய்வசிகாமணி போகல.

எந்திரிச்சாரு. தன் தொட்டியைத் தூக்கி அந்த டேபிள்ல வெச்சாரு. அந்தத் தொட்டியைத் தூக்கி இந்த டேபிள்ல வெச்சாரு. நாலே எட்டுதான்.

அந்த வாரம் அவர் போட்ட போட்டோவுக்கு டீச்சர் ரெண்டு கைதட்டல். காந்திமதிகிட்ட காட்டுனாரு. மாடி வீட்டுக்காரர்கிட்ட காட்டுனாரு. பஸ்ல பக்கத்துல உக்காந்தவர்கிட்டயும் காட்டுனாரு.

பானு திரும்பி வந்தா. டேபிளைப் பாத்து, "அடப்பாவமே, வாடிப் போயிட்டியா நீ"ன்னா. தொட்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்தா. மஞ்சத் தண்டைக் கிள்ளிக் குப்பையில போட்டுட்டு வேலையைப் பாக்க ஆரம்பிச்சுட்டா. அந்த நோஞ்சான் செடியைத்தான் போட்டோவும் போட்டா.

அதுக்கும் டீச்சர் ரெண்டு கைதட்டல்.

தெய்வசிகாமணிக்கு வயிறு எரிஞ்சுது. நல்ல செடி இப்ப இங்க இருக்கு. பாராட்டு மட்டும் அங்கயும் போகுதே! அவ டேபிளைப் பாத்தாரு, ஒரு மூடி. டீச்சர் போட்ட கைதட்டலைப் பாத்தாரு, ஒரு மூடி.

மார்கழி பொறந்துச்சு. தளதளன்னு வந்த செடி அவர் கையில மஞ்சளாச்சு. எதிர் டேபிள்ல அந்த நோஞ்சான், சூம்பிப் போன அந்தச் சவலை, ஈரமெல்லாம் காஞ்சு நிமிந்து நின்னுச்சு. ஒரு நாள் அதுல முளை வந்துடுச்சு.

அவரால தாங்க முடியல. மறுபடியும் சாப்பாட்டு நேரம். மறுபடியும் எந்திரிச்சாரு. அவ தொட்டியை ரெண்டு கையாலயும் புடிச்சுத் தூக்குனாரு.

"அண்ணே, திரும்ப மாத்தப் போறீங்களா?"

வாசல்ல பானு. கையில டிபன் பாக்ஸ்.

அவர் தொட்டியும் கையுமா நின்னாரு.

"கல்யாணத்துல இருந்து வந்து பாக்குறேன், என் தொட்டியில மைப்பொட்டு. என்னையே பாத்துக்கிட்டு இருக்கு! எங்க வீட்டுல குழந்தைக்குக்கூட நாங்க இம்புட்டுப் பெருசா வெக்க மாட்டோம்ணே."

அவர் தொட்டியைத் திருப்பிப் பாத்தாரு. பொட்டு அப்படியே இருந்துச்சு. இத்தனை நாளா இலையைப் பாத்தாரு, முளையைப் பாத்தாரு. இதைப் பாக்கல.

"தெரிஞ்சுமா பேசாம இருந்த?"

"ரெண்டும் ஒரே தாய்னு டீச்சர் சொன்னாங்கல்ல. எது இருந்தா என்னண்ணே? வேணும்னா இதையும் எடுத்துக்கங்க." டிபன் பாக்ஸைத் திறந்தா. "ஆனா இதையும் கொன்னுடாதீங்க. பாவம், இப்பதான் தேறி வருது."

அவர் தொட்டியை அவ டேபிள்லயே வெச்சுட்டாரு.

அந்த ஞாயிறு, வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மஞ்சச் செடியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுனாரு. டீச்சர் வலைக்குக் கீழ உக்காந்து தேங்கா நார்க் கட்டியை உதுத்துக்கிட்டு இருந்தாங்க.

"வாங்க சார். என்ன இது?"

"பானு செடி டீச்சர்."

"எங்க இருந்துச்சு?"

"என் டேபிள்ல."

டீச்சர் நிமிந்து பாத்தாங்க. தொட்டியைச் சாய்ச்சு ஒரு தட்டு தட்டுனாங்க. செடி கொழகொழன்னு வெளிய வந்துச்சு. மாடி முழுக்க அழுகல் நாத்தம்.

"எனக்குக் கைராசி இல்லையா டீச்சர்? அவளுக்குச் செடியோட பேரே சரியா வராது. நான் புத்தகம் வாங்கிப் படிச்சேன். டெய்லி இலை தொடச்சேன். அவ தொட்டதெல்லாம் துளிர்க்குது, நான் தொட்டது அழுகுது. ஏன்?"

"எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?"

"ஒரு மூடி டீச்சர். பாட்டில் மூடி."

"எப்பெப்ப?"

மாடிச் சுவர்ல காக்கா ஒண்ணு வந்து உக்காந்துட்டுப் பறந்துச்சு.

"எப்பெப்ப சார்?"

"அவ டேபிளைப் பாக்கும்போதெல்லாம்."

டீச்சர் தலையாட்டுனாங்க. கத்தியை எடுத்து அழுகுன வேரையெல்லாம் அரிஞ்சு தள்ள ஆரம்பிச்சாங்க.

அப்ப பானு மூச்சு வாங்க மேல வந்தா. "சாரி டீச்சர், லேட்டாயிடுச்சு. இன்னைக்கு வகுப்புங்கிறதே மறந்துட்டேன்."

டீச்சர் கையைத் துடைச்சுக்கிட்டு, இடுப்புல செருகியிருந்த சாவியை எடுத்து அவகிட்ட நீட்டுனாங்க.

"எனக்கா! அய்யோ, வேணாம் டீச்சர். நான் மறந்துடுவேன்."

"தெரியும். இங்க இருக்கிறதெல்லாம் அப்படிப்பட்ட ஆளைத் தாங்குற செடிதான். வாங்கிக்க."

பானு சாவியை வாங்கி எங்க வெக்கிறதுன்னு தெரியாம முழிச்சா. தெய்வசிகாமணி அந்தச் சாவியையே பாத்துக்கிட்டு நின்னாரு. கண்ணு கலங்கிடுச்சு. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோணல.

"போய் அந்தக் கடைசி வரிசைக்குத் தண்ணி காட்டும்மா"ன்னு டீச்சர் பானுவை அனுப்பி வெச்சாங்க.

அப்புறம் அழுகலுக்குள்ள விரலை விட்டுத் துழாவுனாங்க. ஒரு கிழங்கு கிடைச்சுது. சின்ன உருளைக்கிழங்கு மாதிரி. அமுக்கிப் பாத்தாங்க. கெட்டியா இருந்துச்சு. கழுவி, துடைச்சு, புதுசா ஒரு வெள்ளைத் தொட்டியில காஞ்ச மண்ணைப் போட்டு, அதுக்குள்ள வெச்சு மூடி, அவர் கையில குடுத்தாங்க.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"சாவியை அவகிட்ட குடுத்துட்டீங்களே டீச்சர்."

"சாவி இல்லாதவருக்குத்தானே செடி வேணும்?"

தொட்டியை நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டாரு. மேல பாத்தா வெறும் மண்ணுதான் தெரிஞ்சுது.

"இதை எங்க வெக்கட்டும்?"

"அதே டேபிள்ல."

"அவ எதிர்லயா?"

"அவ எதிர்லதான்."

கடைசி வரிசையில பானு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டுத் தண்ணி ஊத்துனா. அவர் கண்ணு தன்னால அந்தப் பக்கம் போச்சு. சட்டுன்னு திருப்பிக்கிட்டாரு.

"எப்ப டீச்சர் தண்ணி ஊத்தணும்?"

"பானு செடி எப்படி இருக்குன்னு யாராவது உங்களைக் கேப்பாங்க. 'நான் பாக்கலையே'ன்னு உங்க வாயில தன்னால வரும். அன்னைக்கு ஊத்துங்க."